மைலேஜ் குறைகிறதா? பட்டறைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

"வண்டி மைலேஜே தர மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லிக் காரைப் பட்டறையில் விட்டால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிளக் மாற்றுவார்கள், ஏர் ஃபில்டர் மாற்றுவார்கள், த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங் என்று பில் நான்காயிரத்துச் சொச்சம் வரும். அடுத்த டேங்க்கிலும் அதே மைலேஜ்தான் இருக்கும். நான் அப்படி ஒருமுறை தண்டம் அழுதவன். அந்தக் கதை கீழே வருகிறது.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 2018 மாடல். வாரம் முழுக்கச் சென்னைக்குள் ஓடும், மாதம் ஒருமுறை திருச்சி போய் வரும். இந்த அளவு கார் வைத்திருக்கும் யாருக்கும் கீழே இருப்பது பொருந்தும். அவரவர் அறிகுறிக்கு நேராகப் போய்க்கொள்ளலாம். முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம், ஏனென்றால் பாதிப் பேருடைய பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: ஒரு டேங்க்குக்கு 12, அடுத்த டேங்க்குக்கு 19

இது வண்டியின் கோளாறு இல்லை, கணக்கின் கோளாறு. ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுவிட்டு, முள் பழைய இடத்துக்கு வரும்வரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதுதான் பலருடைய கணக்கு. ஆயிரம் ரூபாய்க்கு வருவது பத்து லிட்டருக்கும் சற்றுக் குறைவு. பெட்ரோல் முள் ஒரு லிட்டர் முன்பின் காட்டுவது சர்வ சாதாரணம். பத்தில் ஒன்று தவறினால் மைலேஜும் பத்தில் ஒரு பங்கு தவறும். வண்டி ஏற்ற இறக்கத்தில் நின்றிருந்தால் இன்னும் மோசம்.

நம்பத் தகுந்த வழி ஒன்றுதான். ஃபுல் டேங்க் போடுங்கள். பம்ப் முதல் முறை 'டக்' என்று ஆட்டோ கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். "ரவுண்ட் பண்ணிடவா சார்" என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். கட் ஆன பிறகும் திணித்தால் கணக்கு கெடும். அதோடு பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரித்தூள் டப்பாவுக்குள் பெட்ரோலே இறங்கி அதையும் கெடுக்கும். ட்ரிப் மீட்டரை பூஜ்ஜியத்தில் வையுங்கள். டேங்க் கால் பங்குக்கு வரும்வரை ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், மறுபடி முதல் கட் வரை நிரப்புங்கள். போன மாதம் என் கணக்கு: ஓடியது 412.6 கிலோமீட்டர், நிரம்பியது 24.31 லிட்டர். வகுத்தால் 16.97. இந்த முறையிலும் அரை லிட்டர், ஒரு லிட்டர் பிசகலாம். அதனால் ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டாமல் மூன்று டேங்க்கின் கிலோமீட்டரையும் லிட்டரையும் கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள். இனி இந்தக் கட்டுரையில் மைலேஜ் என்று சொல்வதெல்லாம் இந்த மூன்று டேங்க் சராசரியைத்தான்.

டேஷ்போர்டில் காட்டும் மைலேஜ்? அது டேங்க்கில் இருப்பதை அளந்து சொல்வதில்லை. என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துப் போடும் மதிப்பீடு. என் வண்டியில் உண்மையைவிட ஒன்று, ஒன்றரை கூடுதலாகவே காட்டும். போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட அது போதும், நண்பர்களிடம் பீற்றிக்கொள்ளவும் உதவும். உண்மைக் கணக்குக்கு உதவாது.

இன்னொன்று, டயர் மாற்றினீர்களா? 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் டயரின் விட்டம் சுமார் 621 மில்லிமீட்டரிலிருந்து 634 ஆகிறது. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 சதவீதம் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. ஓடிய தூரம் குறைவாகப் பதிவாகும், மைலேஜும் குறைந்ததுபோல் தெரியும். அகலமான டயர் உண்மையிலேயே கொஞ்சம் தின்னவும் செய்யும் என்பது தனிக்கதை.

அறிகுறி: புது வண்டி, சொன்னது 24, வருவது 15

பொய் சொல்லி விற்றுவிட்டார்கள் என்று கொதிக்க வேண்டாம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் கோபம் தணியும். 2024இல் வந்த ஸ்விஃப்ட் மேனுவலுக்குச் சொல்லப்படும் எண் லிட்டருக்கு 24.80. புனேயிலுள்ள ஏஆர்ஏஐ (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற சோதனைக் கூடங்களில், உருளைகள் மேல் காரை நிற்க வைத்து, குறித்த நிமிடக் கணக்குப்படி ஓட்டிப் பார்க்கும்போது கிடைப்பது இப்படிப்பட்ட எண்தான். பழைய ஐரோப்பியச் சோதனையை நம் நாட்டுக்கு ஏற்பத் திருத்திய முறை இது. ஐரோப்பிய முறையில் 120 கிலோமீட்டர் வரை போன உச்ச வேகம் இதில் 90தான். ஏசி கிடையாது. மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோவும் இல்லை. அந்த மூலச் சோதனை நிஜத்தைக் காட்டவில்லை என்று ஐரோப்பாவே 2017இல் அதைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறத் தொடங்கியது.

நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: நெரிசலான ஊருக்குள் ஏசி போட்டு ஓட்டினால் சொன்ன எண்ணில் பாதி முதல் மூன்றில் இரண்டு வரை வரும். ஹைவேயில் 80, 90இல் நிதானமாகப் போனால் முக்காலுக்கு மேல் வரும். இதற்குள் இருந்தால் வண்டிக்கு ஒன்றும் இல்லை. முதல் ஓராயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னும் கொஞ்சம் தேறும்.

அறிகுறி: ஊருக்குள் மட்டும் குறைகிறது, ஹைவேயில் பிரச்சினை இல்லை

ஹைவேயில் நன்றாகக் கொடுத்தால் என்ஜின் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. காரணம் சாலையில் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது என்ன செலவாகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த அளவு என்ஜின் ஐடிலிங்கில் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி ஓடினால் ஒரு லிட்டர் பக்கம் வரும்.

வேளச்சேரியிலிருந்து ஓஎம்ஆர் பக்கம் 12 கிலோமீட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது லிட்டருக்கு 17 கொடுக்கும் வண்டி அந்த 12 கிலோமீட்டருக்கு 0.7 லிட்டர் எடுக்கும். சிக்னலிலும் நெரிசலிலுமாக மொத்தம் 20 நிமிடம் நின்றால், ஏசியோடு இன்னொரு 0.33 லிட்டர். ஆக 1.03. இப்போது வகுத்துப் பாருங்கள், 11.6 வருகிறது! வண்டியில் ஒரு திருகுகூடத் தளரவில்லை, மைலேஜ் மட்டும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மழை நாளில் அதே தூரத்துக்கு முக்கால் மணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வண்டி சராசரி வேகம் காட்டும் என்றால் அதைப் பாருங்கள். மைலேஜைவிட அதுதான் உண்மை பேசும். சராசரி மணிக்கு 15, 18 என்று இருந்தால் 11, 12 வருவதுதான் நியாயம். சராசரி 30க்கு மேல் இருந்தும் 12தான் வருகிறது என்றால் மட்டும் கீழே தொடர்ந்து படியுங்கள்.

குட்டிக் குட்டிப் பயணமும் இப்படித்தான். குளிர்ந்த என்ஜினுக்கு, அதைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். இரண்டு கிலோமீட்டர் போய்க் காய்கறி வாங்கி நிறுத்தி, மாலையில் மறுபடி இரண்டு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் என்ஜின் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இது இன்னும் கூடும்.

ஏசியைப் பற்றி ஒரே ஒரு வரி: வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் முழு வேகத்தில் வைக்காமல், ஜன்னலை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டி அனலை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள்.

அறிகுறி: ஹைவேயில்தான் குறைகிறது

முதல் கேள்வி, எந்த வேகத்தில் போகிறீர்கள்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 85இல் போவதைவிட 115இல் போகும்போது காற்று 1.8 மடங்கு தள்ளுகிறது. சென்னை – திருச்சி சாலையில் நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். 85இல் 21 வரை கொடுத்த வண்டி, 110, 115இல் 16க்கு இறங்கியது. பரனூரிலும் விக்கிரவாண்டியிலும் டோல் வரிசையில் நின்றது, சாப்பிட நின்றது எல்லாம் போக, மிச்சமான நேரம் அரை மணிக்குச் சற்று மேல். அந்த அரை மணிக்கு நான்கைந்து லிட்டர் கொடுக்கலாமா என்பது அவரவர் அவசரத்தைப் பொறுத்தது.

இரண்டாவது கேள்வி, போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கா? அப்படியென்றால் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள், கார் நகராமலா இருக்கும்! பாலக்காட்டுக் கணவாய், ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மேல்காற்று சாதாரணமானது இல்லை. காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதே அதனால்தான். 80இல் போகும் வண்டிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 110இல் போகிறீர்கள். அந்த மாதங்களில் அந்தப் பக்கம் போய்விட்டு வந்து பட்டறையைத் தேட வேண்டாம்.

மூன்றாவது, கூரையைப் பாருங்கள். போன வருடம் குலதெய்வம் கோயிலுக்குப் போகையில் மாட்டிய கேரியர் இன்னும் அங்கேயே இருக்கிறதா? காலியாக இருந்தாலும் அது காற்றைப் பிடிக்கும். கழற்றி வையுங்கள்.

அறிகுறி: ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது

இது தேய்மானம், பராமரிப்பு சம்பந்தப்பட்டது. எல்லோரும் முதலில் சொல்வது டயர் காற்று. பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதைப் பற்றிய எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய நான்கு டயரிலும் 22 இருந்தால் மைலேஜில் போவது இரண்டு, மூன்று சதவீதம்தான். 17 என்பது 16.5 ஆகும். டயரின் ஓரம் தின்றுபோவதும், ஹைவேயில் சூடேறி வெடிக்கும் அபாயமும்தான் அதைவிடப் பெரிய நஷ்டம். எவ்வளவு வைப்பது என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயர் மூன்று, நான்கு கூடுதலாகக் காட்டும். நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

ஸ்டியரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, முன் டயரின் உள்ளோரமோ வெளியோரமோ மட்டும் தேய்ந்திருக்கிறதா? அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம், போயிருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டிக்கொண்டே உருளும், அந்த மல்லுக்கட்டுக்கும் பெட்ரோல்தான் செலவு.

கடைசி சர்வீஸில் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள். இப்போதைய சிறிய பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றுக்கு ஜீரோ டபிள்யூ 16, ஜீரோ டபிள்யூ 20 போன்ற மெல்லிய ஆயிலைக் கையேட்டில் சொல்லியிருப்பார்கள். பட்டறையில் பீப்பாயில் இருக்கும் 20 டபிள்யூ 40ஐ ஊற்றிவிட்டால் என்ஜின் உடனே கெடாது. ஆனால் கெட்டியான ஆயிலைக் கடைந்துகொண்டே ஓட வேண்டியிருக்கும். சர்வீஸ் முடிந்ததிலிருந்து மைலேஜ் குறைகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஏர் ஃபில்டர்? இங்கேதான் ஊரே நம்பும் ஒரு விஷயத்தோடு நான் ஒத்துப்போவதில்லை. கார்புரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோல் குறையாது, அதனால் வண்டி புகை தள்ளிப் பெட்ரோலைக் குடிக்கும். இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பக் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: ஃபில்டர் அடைத்தால் பிக்கப் குறைகிறது, மைலேஜில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றுங்கள், என்ஜினுக்குள் தூசி போகாமல் இருக்கும். மைலேஜுக்காக மட்டும் மாற்ற வேண்டாம்.

பிளக் அப்படி இல்லை. காலம் கடந்த பிளக்கில் இடைவெளி அகன்று அவ்வப்போது ஒரு சுடர் தவறும். ஐடிலிங்கில் லேசாக நடுங்குவது, மேட்டில் ஒரு திக்கல் என்று அடையாளமும் காட்டும். அந்த அடையாளம் இல்லாமல், கையேட்டில் சொன்ன கிலோமீட்டரும் ஆகாமல் பிளக் மாற்றுவது வீண்.

அறிகுறி: ஒரே வாரத்தில் சட்டென்று விழுந்துவிட்டது

என் நாலாயிரத்துச் சொச்சக் கதை இதுதான். 17 பக்கம் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 14க்குக் கீழே போனது. பட்டறையில் மேலே சொன்ன அத்தனையும் செய்தார்கள். அடுத்த டேங்க் 13.9.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து திரும்பி வந்து வீட்டுக்குக் கீழே நிறுத்தினேன். இறங்கும்போது எங்கிருந்தோ கருகிய வாடை. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரத்தைத் தீய விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். டிக்கியைத் திறக்கப் போகும்போது முன் வலது சக்கரத்தைத் தாண்டினேன், அனல் முழங்காலில் அடித்தது. புறங்கையை மற்ற மூன்று ரிம்முக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன், வெதுவெதுப்பு அவ்வளவுதான். அந்த ஒன்றின் அருகில் கையை வைக்கவே முடியவில்லை. மறுநாள் பார்த்தால் அந்த ரிம்மில் மட்டும் பிரேக் கரி அடர்த்தியாகப் படிந்திருந்தது. அத்தனை நாளும் கண்ணெதிரே இருந்த சாட்சி, நான்தான் பார்க்கவில்லை.

பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கவ்விதான் காலிப்பர். பிரேக்கை விட்டதும் அது நகர்ந்து பேடுக்கு இடம் கொடுக்க வேண்டும். அது நகர்வதற்கு இரண்டு பின்கள் உண்டு. ஒரு பின்னின் ரப்பர் உறை கிழிந்து, மழைத் தண்ணீர் புகுந்து, துரு ஏறி இறுகிவிட்டது. அதனால் பேடு எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்தது. தெருமுனைப் பட்டறையில் பின்னைக் கழற்றித் துரு தேய்த்து, அதற்கான கிரீஸ் தடவி, உறையையும் மாற்றிக் கொடுத்தார்கள். செலவு 350 ரூபாய். அடுத்த மூன்று டேங்க் சராசரி 16.8.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். சமதளத்தில் நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு வண்டியைத் தள்ளிப் பாருங்கள், இந்த அளவு காரை ஒருவர் சுலபமாக நகர்த்த முடிய வேண்டும். அப்புறம் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நின்றதும் நான்கு ரிம்மிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் சூடு என்றால் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். லேசாக உரசும் சத்தம் இயல்பு, கையால் சுற்ற முடியாமல் இறுகியிருப்பது இயல்பு இல்லை. பின் சக்கரம் இரண்டும் சூடு என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஒரு பல் ஏற்றியபடியே ஓட்டும் ஆட்களும் இருக்கிறார்கள், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு கெஞ்சிக்கொண்டே இருக்கும்.

இங்கேயே பெட்ரோலில் கலக்கும் எத்தனாலையும் பேசிவிடலாம். இப்போது எது நடந்தாலும் பழி அதன் மேல்தான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் கலப்பில்லாத பெட்ரோலைவிட ஆற்றல் 7 சதவீதம் பக்கம் குறையும். முன்பு போட்டுக்கொண்டிருந்த 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட்டால் மூன்று, மூன்றரை சதவீதம். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீதமும், 20 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்த கார்களுக்கு 1 முதல் 2 சதவீதமும் குறையும் என்றுதான் சொன்னது. ஆக, 17 கொடுத்த வண்டி 16.5 ஆனால், மோசமாகப் போனால் 16க்குக் கொஞ்சம் கீழே இறங்கினால், எத்தனால் என்று ஏற்றுக்கொள்ளலாம். 17 என்பது 13 ஆனால் அது எத்தனால் இல்லை. அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு, உரசும் பிரேக்கோடு ஓடிக்கொண்டிருக்காதீர்கள்.

அறிகுறி: என்ஜின் சூடே ஏறுவதில்லை, அல்லது செக் என்ஜின் விளக்கு எரிகிறது

காலையில் எடுத்ததும் எரியும் நீல நிறக் குளிர்ச்சி விளக்கு சில நிமிடங்களில் அணைந்துவிட வேண்டும். முள் இருக்கும் வண்டியில் முள் பாதிப் பக்கம் வந்து நிற்க வேண்டும். கால் மணி நேரம் ஓட்டியும் அப்படி நடக்கவில்லை, அல்லது ஹைவேயில் காற்றுப் பட்டதும் முள் கீழே இறங்குகிறது என்றால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது.

செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஊகிக்கவே வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறுக் குறியீடுகளைப் படிப்பதற்காக இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனரை ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். போனில் குறியீடு வரும். பி0128 என்றால் மேலே சொன்ன தெர்மோஸ்டாட் விவகாரம். பி0172 என்றால் கலவையில் பெட்ரோல் கூடுதல், இன்ஜெக்டர் ஒழுகலாம், சென்சார் தப்பாகச் சொல்லலாம். பி0130 வரிசையில் வந்தால் ஆக்சிஜன் சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். விளக்கு எரியாமலே மைலேஜ் குறைந்தால் நீண்டகால ஃபியூவல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்று அது காட்டும். கூட்டல் கழித்தல் 10க்குள் இருந்தால் நிம்மதி. கழித்தல் 15, 20 என்று நின்றால் எங்கிருந்தோ கூடுதல் பெட்ரோல் வருகிறது, கம்ப்யூட்டர் அதைக் குறைக்கப் போராடுகிறது என்று அர்த்தம்.

பானட்டுக்குப் பக்கத்திலோ பின் சீட்டிலோ பச்சைப் பெட்ரோல் வாடை வந்தால், மைலேஜை மறந்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். அது கசிவு, தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

அறிகுறி: ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. காலி ரோட்டில் நான்காவது கியரில் 40இல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இரைச்சலும் ஆர்பிஎம்மும் தாவி, வேகம் பின்னாலேயே மெல்ல வந்தால் கிளட்ச் பிளேட் முடிந்தது. சிக்னலில் பாதிக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் அடுத்த பிளேட்டும் சீக்கிரம் முடியும்.

அறிகுறி: மலை ஏறியதிலிருந்து மைலேஜ் பாதியாகிவிட்டது

ஆகத்தான் செய்யும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஐம்பது கிலோமீட்டர் பக்கம், ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,150 கிலோ இருக்கும் காரை அவ்வளவு உயரம் தூக்கவே இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும். உருள்வதற்கான பெட்ரோல் தனி. மேலே போய்ச் சேரும்போது லிட்டருக்கு 9, 10 காட்டினால் அது சரியான எண். ஏறி இறங்கி வந்த பிறகு மொத்தமாகக் கணக்குப் பாருங்கள்.

அந்த எண்ணை மீட்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் முழுவதுமாக மூடிக்கொள்ளும், சக்கரமே என்ஜினைச் சுற்றும், செலவு பூஜ்ஜியம். நியூட்ரலில் என்ஜின் அணையாமல் இருக்க ஐடிலிங் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறீர்கள், கூடவே பிரேக்கையும் காய்ச்சுகிறீர்கள். கல்லட்டி இறக்கத்தில் அது உயிர் விளையாட்டு.

அறிகுறி: பங்க்கில்தான் ஏமாற்றுகிறார்கள் போலிருக்கிறது

மூன்று டேங்க் ஒரு பங்க்கிலும், மூன்று டேங்க் வேறு பங்க்கிலும் போட்டு ஒப்பிடுங்கள். சந்தேகம் நீடித்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், அதில் பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை பிசகு அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் குறைந்தால் எடையளவுத் துறைக்குப் புகார் கொடுக்கலாம்.

ஆனால் "37 லிட்டர் டேங்க்கில் 39 லிட்டர் போட்டுவிட்டார்கள்" என்பதை மட்டும் ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கையேட்டில் இருப்பது பெயரளவுக் கொள்ளளவு. பெட்ரோல் விரிவதற்கு விட்ட இடம், நிரப்பும் குழாய் எல்லாம் அதில் சேராது. விடிகாலையில் போட்டால் பெட்ரோல் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். பங்க் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே பெரிய வெப்ப வித்தியாசம் இல்லை.

அறிகுறி: எல்லாம் பார்த்தாச்சு, ஒன்றும் அகப்படவில்லை

ஓட்டுவது யார் என்று பாருங்கள். என் மச்சான் இரண்டு வாரம் என் வண்டியை என் அலுவலகப் பாதையிலேயே ஓட்டினான். எனக்கு 14.6 கொடுத்த பாதையில் அவனுக்கு 11.9. பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் போனதும் விளங்கிவிட்டது. 200 மீட்டர் தள்ளி சிக்னல் சிவப்பாக எரிவது தெரிந்தும் அதுவரை மிதித்துக்கொண்டே போய்க் கடைசியில் பிரேக் அடிக்கிறான். நான் அங்கிருந்தே காலை எடுத்துவிடுவேன். இருவரும் ஒரே சிக்னலில்தான் நிற்கிறோம். அவனிடம் சொன்னேன், "மாமா, உங்க வண்டில பிக்கப் நல்லா இருக்கு" என்று பதில் வந்தது.

ஓட்டுபவரும் மாறவில்லை, பாதையும் மாறவில்லை, மூன்று டேங்க் சராசரி பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்திருக்கிறது என்றால் இப்போது பட்டறைக்குப் போங்கள். ஜாப் கார்டில் 'மைலேஜ் குறைவு' என்று மட்டும் எழுத விடாதீர்கள். "சராசரி 17.1இலிருந்து 14.3, சக்கரங்கள் நான்கும் சமமாகச் சூடாகின்றன, கூலன்ட் 62 டிகிரிக்கு மேல் ஏறவில்லை, ஃபியூவல் ட்ரிம் கழித்தல் 4" என்று நீங்கள் பார்த்தவற்றை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். விடும்போது மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது ஓட்டிப் பார்த்தார்களா, கழுவி மட்டும் கொடுத்தார்களா என்று அதிலேயே தெரிந்துவிடும்.